குனிந்த தலையும் நாலு சக்கரமும்

...ஆனால் ‘ஆட்டோ’ என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்களே, வைத்தவர்களுக்குத் தெரியாதா, தானாகப் பார்த்துக்கொள்ளும் என்றுதானே அதற்குப் பொருள், தானாகப் பார்த்துக்கொள்கிற ஏதாவது ஒன்று இந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே... டோரீன் டேஷ்போர்டின் வட்டத் திருகின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், முன்னால் பனி தள்ளும் பிளேடு மாட்டிய டிரக்கின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கொட்டகைக் கதவுச் சட்டத்துக்கு வெளியே எல்லாம் ஒரே வெள்ளை, ஏரிக்காற்று அள்ளிக்கொண்டு வந்த பனி விடிய விடியக் கொட்டித் தீர்த்துவிட்டு இப்போது அவசரமில்லாமல் துகள் துகளாக இறங்கிக்கொண்டிருந்தது, காலை வெளிச்சம் பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இலேசான நீலமாக இருந்தது. எத்தனை சக்கரம் இழுக்க வேண்டும் என்று சொல்கிற திருகில் நாலு இடம், டூ ஹை, ஆட்டோ, ஃபோர் ஹை, ஃபோர் லோ, டூ என்றால் பின்சக்கரம் இரண்டும், ஃபோர் என்றால் நாலும். முப்பது குளிர்காலமாக இந்த வண்டியிலும் இதற்கு முந்தைய வண்டிகளிலும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறாள், கணவன் வெண்டலின் கை போகும், ஒரு சொடுக்கு, கை திரும்பி வரும், எதில் போய் நின்றது என்று ஒரு தடவையாவது கவனித்தோமா, உப்புப் போடுகிற கையைப் பார்த்தவர்கள் எல்லாம் உப்பின் அளவைப் பார்த்தவர்கள் ஆகிவிடுவார்களா... பக்கத்துக் கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தது கம்பளித் தொப்பியின் உச்சி, பிறகு ஒரு தலையணை, அதன் பிறகுதான் அவள் கணவன், தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் போலக் குனிந்தபடியே ஏறி, தலையணையை மடியில் வைத்து, நெற்றியை அதில் புதைத்துக்கொண்டான். அவள் திருகை நகர்த்தினாள். "அது ஆட்டோ," என்றது தலையணை. "எப்படித் தெரிஞ்சுது?" "சொடுக்கு கேட்டுச்சே. ஆட்டோ வேண்டாம்." "ஏன் வேண்டாம்? அதுவே பாத்துக்கும்னுதானே போட்டிருக்கான்?" "பாத்துக்கும். எப்பப் பாத்துக்கும்? பின் சக்கரம் வழுக்கின பிறகு பாத்துக்கும். வழுக்கின பிறகுதான் முன் சக்கரத்தைக் கூப்பிடும், அதுக்குள்ள ரெண்டு தட்டு உள்ள ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சு பிடிக்கணும். ரோட்டுல எப்பவோ ஒரு தடவைன்னா சரி. பனி தள்றப்ப அடிக்கு ஒரு தடவை வழுக்கும், அடிக்கு ஒரு தடவை தேயும். சூடாகிக் கருகிடும்." விழுந்த பிறகு ஓடி வந்து தூக்குகிற சொந்தக்காரர்கள் மாதிரி என்று அவள் நினைத்தாள், திருகை இன்னொரு சொடுக்கு திருப்பி ஃபோர் ஹையில் வைத்தாள். தலையணை ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தம்.

வாயுக் குமிழி, அதுதான் இப்போது வீட்டின் எஜமானன். வெண்டலின் வலது கண்ணுக்குள் டாக்டர் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பியிருக்கிறார், கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய விழித்திரை ஈரச் சுவரில் காகிதம் உரிவதுபோல உரிந்துவிட்டது, அதைத் திரும்ப ஒட்டியாயிற்று, ஒட்டினது காய்கிற வரைக்கும் யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டாமா, கண்ணுக்குள் கை எப்படிப் போகும், அதனால் குமிழி. குமிழிக்குத் தெரிந்தது மேலே போவது ஒன்றுதான், ஆகவே பின்சுவர் மேலே இருக்க வேண்டும், ஆகவே முகம் கீழே இருக்க வேண்டும், எவ்வளவு எளிய சங்கதி, டாக்டர் சொன்னபோது அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இவ்வளவு பெரிய ஆளை ஒரு காற்றுக் குமிழி குனிய வைத்துவிட்டதே... அவன் தின்பது குனிந்து, தூங்குவது குப்புற, அவள் வைத்த ஏலக்காய் ரொட்டியைக்கூட மேசைக்குக் கீழே தட்டை வைத்துத்தான் சாப்பிட்டான். இன்று மதியம் டாக்டர் பார்த்து ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும், விலகியிருந்தால் இன்றே திரும்பவும் கத்தி, அந்த டாக்டர் வாரத்தில் ஒரே நாள்தான் வருகிறார், ஆஸ்பத்திரியோ தெற்கே இரண்டரை மணி நேரம். இடது கண் இருக்கிறதே என்று சொல்லவும் வழியில்லை, மரம் அறுக்கிற ஆலையில் வேலை பார்த்த வயதில் தெறித்த சிராய் அதை எப்போதோ பாலாடையாக்கிவிட்டது. இருப்பது இந்த ஒன்று. அதையும் என்ன பாடு படுத்தினான், வேட்டைப் பருவத்தின் முதல் நாள், தம்பி ஆர்னியோடு காட்டுக் குடிசையில், துப்பாக்கித் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் கறுப்புப் பனி பெய்கிறது, கறுப்பாக, துகள் துகளாக, கண்ணாடியில் மூச்சுப் பட்டிருக்கிறது என்று துடைத்தான், அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்குகிறது, அப்போதும் துடைத்தான், பருவம் முடியட்டும் என்று ஆர்னியிடம்கூட வாயைத் திறக்கவில்லை, இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் மானுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், பிரசவத்துக்கு வராமல் இருந்திருக்கிறார்கள், ஆனால் கண்ணே போகிறபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருந்தவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். "மான் கெடைச்சுதா?" என்று அவள் ஆஸ்பத்திரியில் கேட்டாள். "ரெண்டு தெரிஞ்சுது, ஒண்ணு கறுப்பு" என்றான். சிரித்தார்கள். சிரித்தபிறகு அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

கொட்டகைக்கு முன்னால் சிமெண்டுத் தளத்தைக் காற்று துடைத்து வைத்திருந்தது, பனி ஒரு துளி இல்லை, அதில் வண்டியை இடப்பக்கம் ஒடித்துத் திருப்பியபோது என்னவோ ஆயிற்று, ஸ்டியரிங் இறுகியது, வண்டி கால் பிசகிய மாடு மாதிரி ஒரு நொண்டு நொண்டி நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள், உடனே தலையணையைப் பார்த்தாள், அதிர்ச்சி கூடாது, திடீர் குலுக்கல் கூடாது, காகிதம் இன்னும் ஈரமாக இருக்கலாம்... "முறுக்கிக்கிச்சு," என்றான் அவன் அமைதியாக. "ஒண்ணும் ஒடையல. கொஞ்சம் பின்னால போ, நேரா." நேராகப் பின்னால் விட்டாள், அடியில் எங்கோ ஒரு ‘டொக்’, யாரோ பெருமூச்சு விட்டு உட்கார்ந்த மாதிரி வண்டி தளர்ந்தது. காரணம் அவளுக்குத் தெரியும், இதை அவன் முன்பே சொல்லியிருக்கிறான், எப்போது, ஆமாம், கல்யாணமான புதிதில் சமையலறை மேசையில் நாலு காப்பிக் கோப்பையை வைத்துச் சொன்னான், வண்டி திரும்பும்போது நாலு சக்கரமும் நாலு வட்டம் போடும், முன்சக்கரம் போடுவது பெரிய வட்டம், பின்சக்கரம் போடுவது சின்ன வட்டம், பெரிய வட்டத்தில் போகிறது கூடுதலாக உருள வேண்டும், ஃபோர் ஹையில் நீ என்ன செய்துவிட்டாய், முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்துக்குப் பூட்டிவிட்டாய், பனியில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும், காய்ந்த தரை வழுக்க விடாது, வித்தியாசம் எங்கே போகும், இரும்புக்குள் போய் முறுக்கிக்கொண்டு உட்காரும். வழுக்குகிற இடத்தில்தான் பூட்டு நல்லது. காய்ந்த இடத்தில் பூட்டே எதிரி. நாலு கோப்பையையும் அவன் மேசைமேல் தள்ளிக்கொண்டு போன விதம், காப்பி அலம்பிச் சிந்தியது, அவன் விரல்கள் அப்போது எவ்வளவு மெலிதாக இருந்தன... ஆகப் பின்னால் கொஞ்சம் போனால் முறுக்கு அவிழும் என்று அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது, தெரிந்திருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

பிளேடை இறக்கினாள். கைப்பிடியை முன்னால் தள்ளினால் இறங்கும், பக்கவாட்டில் தள்ளினால் அந்தப் பக்கம் திரும்பும், வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள், வீட்டு வழி மேட்டிலிருந்து சாலை வரைக்கும் நீண்ட இறக்கம், நேராகத் தள்ளிக்கொண்டு போனால் மலையளவு பனியோடு கீழே போய்ச் சேர வேண்டியிருக்கும், சாய்த்தால் வழியெல்லாம் வலது ஓரத்தில் சுருண்டு விழுந்துகொண்டே வரும். விழுந்தது. பிளேடின் வளைவில் ஏறி, ஒரு கணம் அந்தரத்தில் அலைபோல நின்று, மறுபடி தன்மேலேயே கவிழ்ந்து, சத்தமே இல்லாமல், இவ்வளவு கனமான ஒன்று இவ்வளவு மெதுவாகப் போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தால் இது தெரியாது, பக்கத்து இருக்கையில் வலது ஓரத்து மரங்கள்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கம்புகள், தரை இறுகுவதற்கு முன்பு அக்டோபரில் வெண்டல் நட்டவை, வழியின் விளிம்பு எது பள்ளம் எது என்று அந்தக் கண்ணால் பார்த்துப் பார்த்து நட்டான், இப்போது பாதி மூடிக் கிடக்கின்றன, அந்தக் கண்ணின் பார்வைதான் குச்சி குச்சியாகப் பனிக்கு வெளியே நின்றுகொண்டு இந்தப் பக்கம் வா, இதைத் தாண்டாதே என்று அவளைக் கூட்டிக்கொண்டு போகிறது... "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "என்னைக் கேக்கறியா? எனக்கு என் பூட்ஸ்தான் தெரியுது." "சத்தத்தை வெச்சு சொல்லேன்." அவன் கொஞ்சம் கேட்டான். "வேகம் ஜாஸ்தி. இறக்கத்துல ஓரச் சாய்ப்போட போறப்ப முன்பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடும். முன்பக்கத்துலதான் பிளேடோட கனம் முழுக்க, பிடிப்பும் அங்கதான், அதை வழுக்க விட்டுட்டா அப்புறம் வண்டி உன் பேச்சைக் கேக்காது." அவள் காலைத் தளர்த்தினாள். உள்ளே ஹீட்டரின் காற்று, ஈரக் கம்பளியின் வாசம், கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வந்தது, ஊசியிலை மரங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பாரத்தைக் கீழே போட்டுவிட்டு மேலே எழும்பின, தூக்கத்தில் யாரோ போர்வையை உதறுகிற மாதிரி. ஒரு நிமிடம் தான் எங்கே போகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று, ஆஸ்பத்திரி மறந்தது, நேரம் மறந்தது, கை ஒன்றில் ஸ்டியரிங், கை ஒன்றில் பிளேடு, இடையில் ஒன்றுமே இல்லை, அப்புறம் திடுக்கிட்டு, குற்றம் செய்தவள் போல, குனிந்த அந்தத் தொப்பியைப் பார்த்தாள்.

கீழே ஒதுக்கிடத்தில் கார் பத்திரமாக இருந்தது, பெரிய பனி வரப்போகிறது என்றால் காரைக் கீழே சாலையோரம் கொண்டுபோய் நிறுத்திவிடுவது இங்கே எல்லோர் வீட்டிலும் வழக்கம், மேட்டில் நிறுத்திவிட்டு முழு வழியையும் தோண்டுகிறவன் புதிதாக வந்தவனாகத்தான் இருப்பான், டிரக்கில் இவ்வளவு தூரம் போனால் குலுக்கிப் போட்டுவிடும் என்று காரில்தான் அவனைக் கூட்டிப்போவதாக இருந்தாள். ஆனால் வீட்டு வழி சாலையில் சேருகிற வாய்க்கு நேரே, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, இடுப்பளவு உயரத்தில் கிடந்தது அரசாங்கத்தின் ஆரஞ்சுப் பனிவண்டி ஒதுக்கிவிட்டுப் போன மேடு. வானத்திலிருந்து விழுந்த பனி வேறு, இது வேறு, இது சாலையில் மிதிபட்டு, உப்பில் நனைந்து, பெரிய பிளேடில் சுருண்டு வந்து விழுந்து இறுகியது, கட்டி கட்டியாக, சாம்பல் நிறத்தில், விட்டால் இன்னும் இறுகும். அவள் நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது அதே ஆரஞ்சு வண்டி, மெதுவாகி நின்றது, ஜன்னல் இறங்கியது, கர்ட். வெண்டலோடு பள்ளிக்கூடம் போனவன், இந்தச் சாலையின் பனி அவன் பொறுப்பு. "என்ன வெண்டல், காலங்காத்தாலயே ஜெபமா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உன்னை ஒரு நாளும் பாத்ததில்லையே!" "உன் வண்டி கவிழணும்னுதான் ஜெபம்," என்றது தலையணை. "நீ போட்ட மேட்டைத்தான்டா தள்ள வந்திருக்கோம்." "மேடு போடறதுதான் என் வேலை, தள்றது உன் வேலை, கவர்மெண்டு அப்படித்தான் பிரிச்சுக் குடுத்திருக்கு." கர்ட் சிரித்துவிட்டு அவளைப் பார்த்தான், சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "டோரீன், நீயா ஓட்டிக்கிட்டு வந்தே மேலேர்ந்து? சரி சரி, டாக்டர்கிட்ட போகணும் இல்ல இன்னிக்கி. நகரு. பின்னால போயி என் பிளேடால ஒரு இழுப்பு இழுத்தா போயிடும், யாரும் பாக்கல." தனியார் வீட்டு வழியின் வாயைத் தொடக் கூடாது என்று அவனுக்குச் சட்டம், ஆனால் இப்படி ஒரு நாளில் யார் கேட்கப் போகிறார்கள். ஒரே இழுப்பு. ஐந்து நிமிட வேலை. "வேண்டாம் கர்ட், நான் பாத்துக்கறேன்," என்றாள் டோரீன். தலையணையிலிருந்து தொப்பி ஒரு விரற்கடை எழும்பி, நினைவு வந்து, மறுபடி கீழே போயிற்று. "நிச்சயமாவா?" "நிச்சயமா. நீ போ, மேல ஸ்கூல் பஸ் வர்ற வழி இன்னும் பாக்கி இருக்கு உனக்கு." ஆரஞ்சு வண்டி போய் அதன் ஓசையும் போனபிறகுதான், ஏன் வேண்டாம் என்றோம் என்ற கேள்வி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. நேரம் இருக்கிறது என்றா, சட்டம் என்றா, கர்ட்டின் அந்தக் குறைந்த சிரிப்பா...

"சரி, கேளு," என்றான் வெண்டல், குரல் கொஞ்சம் வேகமாக, நேரமாகிறதே என்று அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். "ஃபோர் ஹையிலேயே இரு. பிளேடை நேராக்கு. ஒரு ரெண்டு வண்டி நீளம் பின்னால போ, ஓட்டம் பிடிச்சு வந்து அடி. ரெண்டு அடி, மூணு அடி, ஒடைஞ்சுடும்." அவளுக்கு அந்த அடி தெரியும், எல்லாக் குளிர்காலமும் அதை அவன் அப்படித்தான் அடித்தான், வண்டி பாய்ந்து போய் மோதும், இருக்கை எழும்பும், காப்பி கண்ணாடிக்குப் போகும், பிளேடின் சுருள்வில்கள் கிறீச்சென்று மடங்கித் திரும்பும், இரண்டு முறை வில் அறுந்தது, ஒரு முறை பிளேடைத் தாங்கும் சட்டமே விரிசல் விட்டது, அவள் ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், மூடிக்கொண்டதால் அவள் அதைப் பார்த்ததே கிடையாது, வேறு விதமாகச் செய்ய முடியுமா என்று கேட்டதும் கிடையாது. "அடிச்சா குலுங்குமே," என்றாள். "நான் பிடிச்சுக்கறேன்." "நீ உன்னைப் பிடிச்சுப்ப, உள்ள இருக்கறதை யாரு பிடிச்சுப்பாங்க?" வேகத்தால் உடைக்கிறது அவன் வழி, வேகம் கூடாது என்றால் மிச்சம் இருப்பது என்ன, பலம், வேகமில்லாத பலம் எங்கே இருக்கிறது, திருகின் கடைசி இடத்தில். லோ. அதற்கு வண்டி முழுசாக நிற்க வேண்டும், கியர் நியூட்ரலுக்கு வர வேண்டும், ஓடுகிறபோது மாறாது, கேட்டதும் கிடைக்காது, முதலில் நில், கையில் இருப்பதை விடு, அப்புறம் கேள். நின்றாள். விட்டாள். திருகை அழுத்தித் திருப்பினாள், விளக்கு கண்சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது, எவ்வளவு நேரம், அடியில் பல் சக்கரங்கள் ஒன்றையொன்று இருட்டில் தடவித் தேடுவதை அவளால் உணர முடிந்தது, ‘கடக்’, விளக்கு நிலையாக நின்றது. "லோவா?" என்றான் அவன். "லோ." "லோல போனா மத்தியானம் ஆயிடும் டோரீன்." "ஆகட்டும் பாக்கலாம்." என்ஜின் உரக்கப் பாடியது, சக்கரமோ உருள்கிறதா என்று சந்தேகப்படுகிற வேகத்தில் உருண்டது, என்ஜின் பல சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, ஆனால் அந்த ஒரு சுற்றை எதுவும் தடுக்க முடியாது. முழு மேட்டையும் எதிர்க்கவில்லை, பிளேடைப் பாதி தூக்கி முதலில் தலையை மட்டும் சீவினாள், பிறகு இறக்கி, வலது ஓரத்தில், பிளேடின் கால்வாசி அகலத்துக்கு மட்டும் கடித்து, அந்தக் கடியை ஓரத்துக் கரைமேல் சாய்த்துவிட்டு, பின்னால் வந்து, அடுத்த கடி. கெட்டியான ரொட்டியை ஓரத்திலிருந்து தின்கிற மாதிரி. கட்டிகள் முனகின, நகர்ந்தன, உருண்டன. மடியில் இருந்த தலையணை அசையவில்லை, அதன்மேல் இருந்த தலை அசையவில்லை, அவள் ஒவ்வொரு கடிக்கும் அதைத்தான் பார்த்தாள், மேட்டைப் பார்த்ததைவிட. ஆறாவதோ ஏழாவதோ கடிக்குப் பிறகு அவன், "நல்லாத்தான் கேக்குது" என்றான் தரையிடம். கொஞ்சம் கழித்து, "அந்தச் சுருள்வில்லை எல்லாம் நான் அனாவசியமா ஒடைச்சிருக்கேன் போல" என்றான். வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் இதை வைத்து ஒரு வாரம் அவனை ஓட்டியிருப்பாள், இப்போது என்னவோ இனித்தது, அடுத்த கடிக்குப் பிளேடை இறக்கினாள்.

மத்தியானம் ஆகவில்லை, வாய் திறந்துவிட்டது, அதற்கு அப்பால் சாலை கறுப்பாக ஈரமாகத் தெரிந்தது, கார் போகலாம், போதும், இறங்கி அவன் கையைப் பிடித்துக் காருக்கு மாற்ற வேண்டியதுதான்... ஒதுக்கிடத்தின் உள்பக்கத்துப் பனிக்கரை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது, ஒரு தள்ளு தள்ளிவிட்டால் நல்லது, தள்ளினாள், லோவின் அந்தப் பாட்டு, பனி மெதுவாக மரங்களை நோக்கி நடந்து போயிற்று, பின்னால் வந்தாள், பக்கத்திலும் ஒரு தள்ளு, அது அதைவிட உள்ளே இருக்கிறது, இதையும் சமமாக்கிவிட்டால்... பிளேடு மேட்டின் மேல் ஏறுகிற வரைக்கும் தள்ளினாள், இந்தப் பக்கத்தில் பனி தள்ளுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, முதல் பனிகளில் கரையை எவ்வளவு தூரம் பின்னால் ஒதுக்குகிறாயோ அவ்வளவு அகலம்தான் கடைசி வரைக்கும், கரை ஒரு தடவை உறைந்துவிட்டால் அப்புறம் அசையாது, பின்னால் வருகிற பனிக்கெல்லாம் டிசம்பரிலேயே இடம் விட்டு வைக்க வேண்டும், இன்றைக்குக் கார் போனால் போதும் என்று தள்ளுகிறவன் ஒரு மாதிரி தள்ளுவான், குளிர்காலம் முழுக்கத் தள்ளப்போகிறவன் வேறு மாதிரி தள்ளுவான், இரண்டுக்கும் சத்தமே வேறு. "டோரீன்," என்றான் வெண்டல். "ம்." "கார் போற அளவுக்கு எப்பவோ ஆயிடுச்சே." "ஆயிடுச்சு." "அவ்வளவு தூரம் எதுக்குத் தள்ற?" அவள் யோசிக்காமல்தான் சொன்னாள், "பிப்ரவரிக்கு இடம் வேணும் இல்ல." என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மரக்கிளை ஒன்று பாரத்தைக் கொட்டிவிட்டு எழுந்தது. "பிப்ரவரில நான் ஓட்டுவேனே," என்றான் அவன், சண்டைக்காக இல்லை, சும்மா, தன் பூட்ஸைப் பார்த்து, ஒரு பிள்ளை கேட்கிற மாதிரி. ஆமாம், ஓட்டுவ, கண்டிப்பா ஓட்டுவ, இன்னும் கொஞ்ச நாள்தான், எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், காலையும் மாலையும் சொட்டு மருந்து விடும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள், நாக்குக்குப் பழகிப்போன வார்த்தைகள், இப்போதும் வாயைத் திறந்தாள், ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளும் சூடாக இருந்தன, வார்த்தை வரவில்லை, கண் ஒட்டாமல் போய்விடுமோ என்ற பயத்தினால் வரவில்லை என்று ஒரு கணம் நம்பிப் பார்த்தாள், அந்தப் பயம் எங்கே என்று உள்ளே தேடியும் பார்த்தாள், அது அங்கே இருந்தது, ஆனால் வார்த்தையின் வழியை மறித்து நின்றது அது இல்லை, ஸ்டியரிங்கை விட்டுக் கொடுக்க மனமில்லாத அந்த இரண்டு கைகள்தான்.